மார்செலின் பின்வளவு

காலை ஐந்தே முக்காலுக்குப் பாரிஸ் லா சப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே நின்றால் நாலு பக்கத்துக் காற்றும் அடிக்கும். ஞானமலர் இரும்புத் தூணொன்றில் முதுகைச் சாய்த்து, சாப்பாட்டுப் பையை இரண்டு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றாள். மேலே மெத்ரோ போகும்போதெல்லாம் தூண் அதிர்ந்தது, அந்த அதிர்வு அவள் தோளுக்குள்ளும் இறங்கியது. எதிர்ப்பக்க மரக்கறிக் கடைக்காரன் முருங்கைக்காய்ப் பெட்டிகளை இறக்கி, ஒவ்வொன்றாகக் காலால் தள்ளிக் கடைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தான்.

இரத்தினம் இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி வந்து சேர்ந்தார். முப்பது வருடம் பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவியவர். முழங்கால் கைவிட்ட பிறகு எந்த உணவகமும் அவரைச் சீண்டவில்லை. துப்புரவுக் கொம்பனி வைத்திருக்கிற ஐங்கரன் மட்டுந்தான் வேலைக்குக் கூப்பிட்டான்.

"வந்திட்டானோ, பிள்ளை?"

"இன்னும் இல்லையண்ணை. ஆறு மணியெண்டால் ஆறேகாலுக்குத்தானே வருவான்."

"நாங்கள் ஆறு மணிக்கு ஒரு நிமிசம் பிந்தினால் மட்டும் உலகம் அழிஞ்சுபோம்."

ஆறேகாலுக்கு வெள்ளை வான் வந்து நின்றது. பக்கவாட்டில் 'துப்புரவு, தோட்டவேலை' என்று பிரெஞ்சில் எழுதியிருந்ததில் பாதி எழுத்துகள் உரிந்துபோயிருந்தன. முன்னால் மூன்று இருக்கைகள். ஓட்டுவது ஐங்கரன், நடுவில் ஞானமலர், யன்னலோரம் காலை நீட்ட வசதியாக இரத்தினம். ஏறி இருந்ததும் அவள் கண் தன்பாட்டில் முன்கண்ணாடிக்கு அடியில் போயிற்று. சின்னப் பிள்ளையார் சிலைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், அவளுடைய பத்திரம் அங்கேயே கிடந்தது. கையெழுத்து வைக்கவேண்டிய இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருந்தது.

இந்தப் பெண்ணுக்கு நான் வேலை கொடுக்கிறேன் என்று முதலாளி கையெழுத்திட்டு முத்திரை குத்திக் கொடுக்கவேண்டிய பத்திரம் அது. அகதி விண்ணப்பம் இரண்டு தரம் மறுக்கப்பட்டு, ஏழு வருடமாகப் பேப்பர் இல்லாமல் இருக்கிறவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி. குடியேற்ற அலுவல் பார்க்கிற பொபினி பிரெபெக்சரில் பதினொரு மாதம் காத்திருந்து கிடைத்த ரண்டெவு, சந்திப்பு நேரம், வருகிற செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு. இன்றைக்கு வெள்ளி.

"தம்பி, செவ்வாய்க்கிழமை..." என்று அவள் தொடங்கினாள்.

"தெரியுமக்கா. மறக்கேல்லை. கணக்குப் பாக்கிறவன் யோசிச்சுச் செய் எண்டுறான். ஆனாலும் நான் செய்வன். திங்கக்கிழமை மெசின் வந்து மண்ணைக் குவிச்சால் வேலை முடிஞ்சுது. முடிஞ்ச கையோடை சீல் அடிச்சுத் தாறன்."

இரண்டு மாதமாக இதே கதைதான். ஒவ்வொரு வேலையும் முடிய இன்னொரு வேலை வந்தது. ஆனால் இந்த முறை நாள் குறித்துச் சொல்லியிருக்கிறான் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஊரில், பேசாலையில், தங்கையோடு இருக்கும் மகள் ஷிரோமிக்குப் பதினைந்து வயது முடிந்து எட்டு மாதம். வதிவிடக் கார்ட் கையில் கிடைத்து ஒன்றரை வருடம் போனால்தான் பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். அதுவும் பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்கு முன்னம் போடவேண்டும். இந்த வருடம் கார்ட் கிடைத்தால் சரி. அடுத்த வருடம் கிடைத்தால் ஷிரோமி அங்கேதான். ஞானமலர் இதைக் கை விரல்களில் எண்ணி எண்ணி, இப்போது எண்ணாமலே தெரிந்து வைத்திருந்தாள்.

வான் வடக்கே ஓடியது. சுவாசொன் தாண்டியதும் பெரிய தெருவை விட்டு இறங்கி, பீற்றூட் வயல்களுக்கு நடுவே ஒடுங்கிய தெருவில் திரும்பியது. இரத்தினம் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டார்.

மார்செலின் வீடு ஊரின் கடைசி வீடு. அவர் லொறி ஓட்டி இளைப்பாறியவர், மனைவி இறந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் நாற்பது வருடமாக யாரும் கால் வைக்காத நீண்ட வளவு. ஆளுயரத்துக்கு மேலே முட்கொடி ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிப் பின்னிக் கிடந்தது. அதற்குக் கீழே காஞ்சோண்டி. முட்கொடியில் கடைசிப் பழங்கள் கறுத்துத் தொங்கின.

அந்த வளவில் முட்கொடியை ஊடறுத்து ஐம்பது மீற்றர் நீளத்துக்கு நேராக ஒரு ஓடை, ஒரு பாதை, வெட்டவேண்டும். அதன் முடிவில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண் அணை. இந்தப் பக்கம் ஒரு கொட்டகை. எதற்கென்று முதல் நாளே மார்செல் சொல்லிவிட்டார். ஒரு கண்ணை மூடி, இரண்டு கைகளையும் நீட்டி, "பாம்" என்றார். துப்பாக்கி வைத்திருக்க அவரிடம் அனுமதி இருந்தது. ஆனால் சுடுகிற கழகம் நாற்பது கிலோமீற்றர் தூரத்தில், அங்கே போனால் அதைச் செய்யாதே இதைச் செய்யாதே என்று நூறு சட்டம். தன் வளவில் தான் சுட்டால் யார் கேட்பது? நகரசபைக்கு அவர் மூச்சுக் காட்டவில்லை. அயலவர்களுக்கு மரக்கறித் தோட்டம் என்று சொல்லி வைத்திருந்தார்.

தண்ணீர் எடுக்கப் போனபோது கராஜுக்குள் ஞானமலர் அவற்றைக் கண்டிருக்கிறாள். காட்போட் மட்டையில் கறுப்பு மனித உருவங்கள், ஆளுயரம், முகம் இல்லை, நெஞ்சில் வட்டம். இரண்டுதான் இருந்தன. மிச்சம் ஒபர்வில்லியே களஞ்சியம் ஒன்றுக்கு வந்து கிடக்கிறது, வரும்போது எடுத்து வரமுடியுமா என்று மார்செல் கேட்க, ஐங்கரன் தலையாட்டினான்.

மார்செல் கெட்ட மனிதர் இல்லை. காலையில் மூவருக்கும் கோப்பி போட்டுக் கொடுத்தார். இரத்தினத்தின் முழங்காலைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய களிம்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஞானமலர் வேலை செய்வதைப் பார்த்துத்தான் அவருக்குச் சிரிப்பு அடங்காது.

அவள் நின்று வெட்டமாட்டாள். ஒரு முழங்காலை ஊன்றி, முட்கொடியின் நுனியில் தொடங்கி, ஒரு சாண் ஒரு சாணாகக் கத்தரியால் நறுக்கி, நறுக்கியதை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் போடுவாள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை போகாது. நிலம் தெரிந்த பிறகுதான் முழங்கால் முன்னுக்கு நகரும். தான் துப்புரவாக்கிய பாதையின் இரண்டு பக்கமும் தடி குத்தி, தடியில் சிவப்புத் துணி கட்டுவாள். இரத்தினம் கடைசியாக வேலை செய்த உணவகத்தின் பழைய ஏப்ரனைக் கிழித்தெடுத்த துணி.

"அக்கா, இது முகமாலை இல்லை!" ஐங்கரன் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கத்துவான். "இரத்தினண்ணையைப் பாருங்கோ. புல்லு வெட்டுற மெசினாலை விசுக்கு விசுக்கெண்டு போறார்."

"கை வேறை மாதிரி வராது தம்பி."

உண்மையிலேயே வராது. புருசன் இறுதிப் போரில் காணாமல் போனபோது ஷிரோமி வயிற்றில். பிள்ளை பால் மறந்ததும் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனாள். முகமாலையில் ஆறு வருடம், ஒரு மீற்றர் அகல ஓடையில் முழங்காலில் நின்றாள். புருசனை எங்கே என்று கேட்டுத் திரிந்ததற்காக இரவில் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருக்காவிட்டால் இப்போதும் அங்கேதான் நிற்பாள். அந்த ஆறு வருடத்தில் அவளுடைய அணியில் ஒருவருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. அவளுடைய வாழ்க்கையில் அவள் பெருமையாக நினைக்கிற சங்கதிகள் அதிகமில்லை. இது ஒன்று.

பத்தரை மணியளவில் அவள் ஓடையின் முடிவுக்குக் கிட்ட வந்துவிட்டாள். திங்கட்கிழமை மெசின் வந்து மண் அள்ளப்போகிற இடம். எல்டர் மரத்தின் வேரடியில் முட்கொடியை நறுக்கி எடுத்தபோது கீழே மண்ணின் நிறம் மாறியிருந்தது. செம்பழுப்பு. வேர் அதைச் சுற்றிப் பிடித்திருந்தது. தொடை மொத்தம், ஒரு ஆளின் பாதிக் கை நீளம், பாதி மண்ணுக்குள். ஓரிடத்தில் துருவுக்குள்ளிருந்து ஒரு பட்டை பச்சையாகத் தெரிந்தது. செம்புப் பட்டை.

ஞானமலருக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. கத்தரியை மெல்லப் பின்னால் வைத்தாள். இடது பக்கம் ஒரு தடி, வலது பக்கம் ஒன்று, முன்னால் ஒன்று. மூன்றிலும் சிவப்புத் துணி. பிறகு வலது கையை உயர்த்தி, அடித்தொண்டையால் கத்தினாள்.

"நிப்பாட்டு!"

இரத்தினத்தின் மெசின் நின்றது. ஐங்கரன் கொட்டகைப் பக்கமிருந்து ஓடிவந்தான். அவள் தன்னுடைய ஓடை வழியாகத்தான் வரவேண்டும் என்று கையால் காட்டினாள். பின்னால் மார்செல், கோப்பிக் கோப்பையோடு.

மார்செல் எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஒபூ" என்றார். முதலாம் உலகப் போர்க் காலத்து ஷெல். இந்தப் பக்கம் உழுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் எடுத்துத் தெருவோரம் வைப்பார்களாம். அவருடைய தாத்தா ஒன்றை வெறுமையாக்கிப் பூச்சாடியாக வைத்திருந்தாராம். ஐங்கரன் இதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மார்செல் போய் ஒற்றைச்சில்லுத் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார்.

"என்ன செய்யப்போறாராம்?"

"தூக்கி அணை வாற இடத்திலை ஒரு கிடங்கிலை போட்டால், திங்கக்கிழமை மெசின் மேலாலை மண்ணைக் கொட்டிவிடுமாம். நூறு வருசம் சும்மா கிடந்தது அக்கா, இனியும் கிடக்கும்."

"அந்த அணைக்குத்தானே தம்பி சுடப்போறார்?"

ஐங்கரனின் முகம் வெளிறித்தான் இருந்தது. பயம் அவனுக்கும் இருந்தது. ஆனால் அவன் பயந்தது ஷெல்லுக்கு இல்லை.

"பொலிசுக்குச் சொல்லுங்கோ. வந்து எடுப்பினம். இஞ்சை அதுக்கு ஆக்கள் இருப்பினம்தானே."

"பொலிஸ் வந்தால் முதல் கேள்வி என்ன? நீங்கள் ஆர், இஞ்சை என்ன செய்யிறியள். உங்கடை பேரிலை ஒரு துண்டு இல்லை. பேப்பர் இல்லாத ஆளை வேலைக்கு வைச்சதெண்டு என்ரை கொம்பனியை இழுத்து மூடுவாங்கள். இந்த மனிசனுக்கும் நகரசபை அனுமதி இல்லை." அவன் குரலைத் தணித்தான். "அக்கா, செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ரண்டெவு. நான் இப்பவே கையெழுத்து வைக்கிறன். இந்த நிமிசம். நீங்கள் அந்தப் பக்கம் போய் ஒரு அஞ்சு நிமிசம் இருங்கோ. காணும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்துவிட்டான். ஞானமலர் அந்தப் பேனாவைப் பார்த்தாள். நீல நிறம், மூடி கடிபட்டிருந்தது. இரண்டு மாதமாக அந்தப் பேனா வெளியே வருவதற்காகத்தான் முழங்காலில் நின்றாள். போய் வானுக்குள் இருந்தால் போதும். ஐந்து நிமிடம். ஷிரோமிக்குப் பதினேழு வயதில் விண்ணப்பம் போடலாம்.

"அண்ணை," ஐங்கரன் இரத்தினத்தைப் பார்த்தான். "மெல்லமாத் தூக்கி வையுங்கோ. நானும் ஒரு பக்கம் பிடிக்கிறன்."

இரத்தினம் கையுறையை இழுத்து விட்டுக்கொண்டார். அவர் ஷெல்லைப் பார்க்கவில்லை, ஐங்கரனைப் பார்க்கவில்லை. தலையாட்டிவிட்டு, கெட்ட காலை முதலில் வைத்து ஓடைக்குள் வந்தார். முப்பது வருடம் அந்தப் பாத்திரத்தைத் தூக்கு, இந்தப் பாத்திரத்தைத் தூக்கு என்று சொன்னதும் தூக்கிய கை. குனிவதற்கு வசதியாக முழங்காலை மடக்கப் பார்த்தார். அது மடங்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தடியைப் பிடித்துக்கொண்டார்.

ஞானமலர் எழுந்து இரத்தினத்துக்கும் ஷெல்லுக்கும் நடுவில் நின்றாள்.

"அண்ணை, பின்னுக்குப் போங்கோ."

"பிள்ளை, உன்ரை அலுவல் கெட்டுப்போடும்."

"போங்கோ எண்டுறன்!"

போனை எடுத்து அவசர இலக்கத்தை அழுத்தினாள். அவளுக்குத் தெரிந்த பிரெஞ்சு, துடைக்கிறதும் குப்பை கொட்டுகிறதும்தான். மார்செல் வாயிலிருந்து இப்போதுதான் கற்றுக்கொண்ட சொல்லையும் தோட்டம் என்ற சொல்லையும் சொன்னாள். "அல்லோ. ஒபூ. ஜார்தான். மெசியே மார்செல்." ஊரின் பெயரை, வரும்போது பலகையில் பார்த்தபடி எழுத்துக் கூட்டிச் சொன்னாள். அந்தப் பக்கத்துக் குரல் இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் அதையே சொன்னாள்.

ஐங்கரன் பேனாவைப் பைக்குள் போட்டான். ஒரு கெட்ட வார்த்தை வாய்வரை வந்து நின்றது. ஓடிப்போய் மெசினையும் சாமான்களையும் வானுக்குள் எறிந்தான். பத்து நிமிடத்தில் வான் தெருவில் நின்று உறுமியது.

"அக்கா, ஏறுங்கோ! வரமுன்னம் போயிடலாம். ஏறுங்கோ!"

"ஆள் இல்லாமல் விட்டிட்டு வரேலாது தம்பி. இவர் தூக்குவார்."

மார்செல் தள்ளுவண்டியின் பிடியில் கை வைத்தபடிதான் நின்றார்.

அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது, அதை அவள் ஐங்கரனுக்குச் சொல்லவில்லை. முகமாலையில் அவர்களுடைய அணியில் ஒரு ஒழுங்கு. கண்டெடுத்தவர் இடத்தை விட்டு விலகக்கூடாது. பொறுப்பாளர் வந்து பார்த்து, குறிப்புப் புத்தகத்தில் கண்டெடுத்தவரின் பெயரை எழுதி, இருவரும் கையெழுத்து வைத்த பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றலாம். அந்தப் புத்தகத்தில் அவளுடைய பெயர் நூற்றுக்கு மேற்பட்ட தடவை இருக்கிறது. இங்கேயும் யாராவது ஒரு புத்தகத்தோடு வருவார்கள். பெயரை எழுதுவார்கள். இந்த நாட்டில் இந்தத் திகதியில் இந்த வேலை செய்தாள் என்று ஒரு அரசாங்கத் தாளில் இருந்தால், பிரெபெக்சரில் அதை யாரும் தூக்கி எறிய முடியாது. அவள் அப்படித்தான் நினைத்தாள்.

வான் புறப்பட்டது. யன்னலில் இரத்தினத்தின் முகம் அவளையே பார்த்தபடி போயிற்று.

பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், மார்செலைப் பெயர் சொல்லி அழைத்துக் கை கொடுத்தார். மற்றது அவர் ஆன்ஜெலிக் என்று கூப்பிட்ட இளம்பெண். பிளாஸ்டிக் பட்டியைச் சுற்றிவரக் கட்டி எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். ஞானமலர் பட்டிக்கு வெளியே, தன்னுடைய ஓடையின் வாசலில், கவிழ்த்த வாளியொன்றில் இருந்தாள். ஆன்ஜெலிக் அவளுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஒன்று கொடுத்தாள். மூன்று மணி நேரம் அவள் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

இரண்டு மணிக்கு ஷெல் எடுக்கிறவர்கள் வந்தார்கள். முன்னுக்கு வந்தவரை மற்றவர் லியோனல் என்று கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும், கட்டையான ஆள். ஓடையின் வாசலில் வந்ததும் நின்றார். இரண்டு பக்கமும் வரிசையாக நின்ற சிவப்புத் தடிகளைப் பார்த்தார். வழித்தெடுத்த நிலத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பாதையின் நடுவால் மட்டும் நடந்துபோய், ஒரு முழங்காலை ஊன்றி, கைகளைத் தொடையில் வைத்து ஷெல்லைப் பார்த்தார். அவள் எப்படி முழங்காலை ஊன்றுவாளோ அப்படியே ஊன்றினார். ஞானமலருக்குக் கண் கலங்கியது. ஏழு வருடத்தில் இந்த நாட்டில் தனக்குத் தெரிந்த வேலையைத் தெரிந்த ஒருவரை இன்றுதான் காண்கிறாள்.

அவர் திரும்பி வந்ததும் அவள் எழுந்தாள். எந்த ஆழத்தில் தட்டுப்பட்டது, மூக்கு எந்தப் பக்கம், வேர் எங்கே பிடித்திருக்கிறது என்று கைகளால் காட்டினாள். லியோனல் கவனமாகக் கேட்டார். அவளுடைய விரல்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஒரு அட்டையில் செருகிய தாளை எடுத்து, மார்செல் பக்கம் திரும்பி, யார் கண்டெடுத்தது என்பதுபோல ஏதோ கேட்டார்.

"மூவா" என்றார் மார்செல்.

நான் என்று அர்த்தம். அந்த ஒரு சொல் ஞானமலருக்கு நன்றாகத் தெரியும். மார்செல் தொடர்ந்து பேசினார். மரக்கறித் தோட்டம், பொத்தஜே என்ற சொல் இரண்டு தரம் வந்தது. வயதான பொலிஸ்காரர் நல்ல மண் என்று சொல்வதுபோலக் காலால் தட்டிப் பார்த்தார். மார்செல் அவளைக் காட்டி, பிறகு முட்கொடியில் தொங்கிய பழங்களைக் காட்டினார். பழம் பறிக்க வந்தவள். யாரென்று தெரியாது.

லியோனல் அவளுடைய கையுறையைப் பார்த்தார். முழங்காலில் அப்பியிருந்த மண்ணைப் பார்த்தார். மார்செலை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுதினார்.

எழுதி முடித்ததும் ஞானமலர் கையுறையைக் கழற்றி வலது கையை நீட்டினாள். பேனாவுக்காக நீட்டினாள். லியோனல் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவளுடைய கையைப் பிடித்து இறுக்கமாகக் குலுக்கினார்.

"பிராவோ, மதாம்."

தாளைத் தன் பைக்குள் மடித்து வைத்துவிட்டு அவர் ஷெல்லை எடுக்கப் போனார். நீட்டிய கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஆன்ஜெலிக் பக்கத்தில் வந்து நின்றாள். பேப்பரைக் கேட்ட அவள் குரல் கடுமையாக இல்லை.

"வோ பப்பியே, மதாம்."

பொலிஸ் நிலையத்தில் ஒரு மேசைமேல் போனை வைத்து, அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணைத் தமிழ் பேச வைத்தார்கள். புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்.

"அம்மா, உங்க அகதி டொசியே முன்னாடியே ரெண்டு தடவ ரெஃபூசே ஆயிருக்குன்னு சொல்றாரு. முப்பது நாளைக்குள்ள நீங்களே நாட்ட விட்டுப் போயிடணும்னு பிரெஃபே ஆர்டர் போட்டிருக்காரு. வாங்கிக்கிட்டேன்னு அடியில ஒரு கையெழுத்து வேணுமாம்."

"நான் பழம் பிடுங்க வரேல்லை எண்டு சொல்லுங்கோ. அதைக் கண்டெடுத்தது நான். தடி நட்டது நான். அந்தத் தாளிலை என்ரை பெயர் வரவேணும்."

போனுக்குள் பிரெஞ்சு பேசப்பட்டது. வயதான பொலிஸ்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பதில் சொன்னார்.

"அது வேற பேப்பராம்மா. இதுல அதுக்கு இடம் இல்லைங்கிறாரு."

"அப்ப யாரிட்டை வேலை செய்தனீ எண்டாவது கேக்கச் சொல்லுங்கோ."

"கேட்டா யாரோட பேர சொல்லுவீங்கன்னு கேக்குறாரும்மா."

ஞானமலர் வாயைத் திறந்தாள். ஐங்கரன் என்று சொன்னால் இரத்தினத்துக்கும் நாளைக்கு வேலை இல்லை. வாயை மூடிக்கொண்டாள். பேனா இந்த முறை அவளிடம் தானாகவே வந்தது. ஞானமலர் என்று தமிழில் வைத்தாள், முகமாலைப் புத்தகத்தில் வைத்தமாதிரி. மாலை ஐந்து மணிக்கு அவளை வெளியே விட்டார்கள். பஸ் எங்கே நிற்கும் என்று ஆன்ஜெலிக் வாசல்வரை வந்து காட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு அவள் மறுபடி அதே தூணில் சாய்ந்து நின்றாள். பையில் சாப்பாடு இல்லை. வான் இன்றைக்கு ஆறு மணிக்கே வந்தது. ஐங்கரன் இறங்கி அவளிடம் வந்தான். சவரம் செய்யாத முகம். இரண்டு நாள் அவன் நித்திரை கொள்ளவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"இந்தாங்கோ அக்கா." பிளாஸ்டிக் உறையை நீட்டினான். "கையெழுத்து வைச்சிட்டன். சீலும் அடிச்சிருக்கு. போன மாதத் திகதி போட்டிருக்கிறன். நீங்கள் என்ரை பெயரைச் சொல்லேல்லை எண்டு தெரியும்."

அவள் வாங்கிப் பார்த்தாள். முத்திரை நீல மையில், கொஞ்சமும் கலங்காமல் விழுந்திருந்தது. ஒரு குறை சொல்ல முடியாத பத்திரம். கைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த, நாட்டைவிட்டுப் போகச் சொன்ன மற்றத் தாளை எடுத்து விரித்து, அதே உறைக்குள் முதுகோடு முதுகாக வைத்தாள். நாளைக்குப் பத்து மணிக்கு இரண்டையும்தான் கொண்டுபோகவேண்டும்.

"இது இனிச் செல்லுமோ தம்பி?"

ஐங்கரன் தெருவைப் பார்த்தான். "வழக்குப் பேசுற நல்ல அவொக்கா ஒருத்தரைப் பாருங்கோ அக்கா."

"இண்டைக்கு மெசின் வருதோ?"

"ஓம். பத்து மணிக்கு. ஷெல் எடுத்த கிடங்கிலை இருந்தே மார்செல் மண் அள்ளப்போறாராம். இனிப் பயமில்லையாம். உங்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் எண்டிட்டார். பொலிஸ் உங்கடை முகத்தைக் கண்டிட்டுது."

அவன் போய் ஏறினான். ஞானமலர் யன்னல் பக்கமாக நடந்தாள். இரத்தினம் அவளைக் கண்டதும் கையை உயர்த்தப் பார்த்தார், முடியவில்லை. கை ஏற்கெனவே வேலையாக இருந்தது. நடு இருக்கையில், அவள் இருக்கிற இடத்தில், ஒபர்வில்லியே களஞ்சியத்திலிருந்து எடுத்த கட்டு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஆளுயர மட்டை உருவங்கள், இருபதோ முப்பதோ, கறுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டி. முழு உயரத்துக்கும் இடம் காணாமல் தலை வானின் கூரையில் முட்டிக்கொண்டு நின்றது. சரியாமல் இருப்பதற்காக, நெஞ்சு வட்டத்துக்குக் குறுக்கே, இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டியிருந்தார்கள்.

வான் திரும்பும்போது கட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. இரத்தினம் அதன் தோளைச் சுற்றிக் கை போட்டுப் பிடித்துக்கொண்டார்.